மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பு: ஒரு வருடமா, இரண்டு வருடமா?

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சர்டிபிகேட் ஏறக்குறைய ஒரு வருடம், அசோசியேட் டிகிரி இரண்டு வருடம். ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, இசிஜி எடுப்பது எல்லாம் இரண்டிலும் கற்றுத்தருவார்கள்.

சரி, காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது சிஏஏஹெச்இபி அல்லது ஏபிஹெச்இஎஸ் (இந்த மாதிரி படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் அமைப்புகள்) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிஎம்ஏ, அதாவது சான்று பெற்ற மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆவதற்கான தேர்வெழுத அதுதான் நேர்வழி. அங்கீகாரம் உள்ள படிப்பில் கிளினிக் பயிற்சி மட்டும் குறைந்தது 160 மணி நேரம்.

டிகிரியில் கூடுதலாக வருவது ஆங்கிலம், கணக்கு, உளவியல் போன்ற பொதுப் பாடங்கள். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய குடும்பச் சூழல் என்றால் சர்டிபிகேட்டே போதும் என்பேன். அப்புறம் நர்சிங் படிக்க ஆசை இருந்தால் டிகிரி நல்லது. அந்தப் பொதுப் பாட கிரெடிட்கள் அங்கே கைகொடுக்கும். ஆனால் மெடிக்கல் அசிஸ்டென்ட் பாடங்களை நர்சிங் படிப்பில் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.