‘ஒப்பரேஷன் செய்த பெட்டை’ என்று சொல்லி ஃபெரட் விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

ஃபெரட் (கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள ஒரு சின்னச் செல்லப்பிராணி) வாங்க நினைக்கிறவர்கள், அதிலும் பெட்டை வாங்க நினைக்கிறவர்கள், காசைக் கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். பேஸ்புக்கில் படம் போட்டு விற்று, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று வேனில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிற ஒருவரிடம் நாங்கள் இரண்டு பெட்டைகள் வாங்கினோம். இரண்டுக்கும் கருத்தடை ஒப்பரேஷன் முடிந்துவிட்டது என்று சொல்லித்தான் விற்றார், அதற்கென்று விலையைக் கூட்டியும் வாங்கினார். இரண்டுக்குமே செய்திருக்கவில்லை. அதில் ஒன்று செத்துவிட்டது. ஆளின் பெயரைப் போடுங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் எழுதப்போவதில்லை. அவர் எப்படி ஏமாற்றினார் என்பதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இன்னொருவர் வேறு பெயரில் இதையே செய்யலாம்.

ஒப்பரேஷன் செய்திருக்கிறதா இல்லையா என்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சிலருக்குத் தோன்றும். நாய், பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும், பெட்டை பருவத்துக்கு வரும், கொஞ்ச நாளில் தானாக அடங்கிவிடும். ஃபெரட் அப்படி இல்லை. ஆணோடு சேர்ந்தால்தான் அதற்கு முட்டையே வெளிப்படும், அதற்குப் பிறகுதான் பருவம் அடங்கும். ஆண் இல்லையென்றால் பருவம் அப்படியே நீளும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில். அவ்வளவு காலமும் சூலகத்தில் இருந்து ஈஸ்ட்ரஜன் சுரந்துகொண்டே இருக்கும், அந்த ஈஸ்ட்ரஜன் எலும்பு மஜ்ஜையை நிறுத்திவிடும். ரத்தம் ஊறுவது மஜ்ஜையில்தானே. சிவப்பணு குறையும், நோயோடு போராடுகிற வெள்ளணு குறையும், டெங்குக் காய்ச்சலில் நாம் பயந்து பயந்து பார்க்கிற அதே பிளேட்லட்டும் குறையும். கடைசியில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து செத்துப்போகும். ஃபெரட் நிறைய வளர்க்கிற நாடுகளில் வாங்குகிற அன்றைக்கே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு விற்றவர் இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ‘ஒப்பரேஷன் செய்தாச்சு’ என்ற பொய்யை நாங்கள் தோண்டிப் பார்த்திருப்போம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அத்தாட்சி கேட்டேன். கேட்காமல் வாங்கவில்லை. “அக்கா, காதைப் பாருங்க” என்றார். வலது காதுக்குள்ளே நீலத்தில் இரண்டு சின்னப் புள்ளி. அமெரிக்காவில் பெரிய பண்ணையில் இருந்து வருகிற குட்டிகளுக்கு இப்படி இரண்டு புள்ளி பச்சை குத்தியிருக்கும் என்பது உண்மைதான். ஒன்று கருத்தடைக்கு, மற்றது வாலடியில் இருக்கிற நாற்றச் சுரப்பி எடுத்ததற்கு. இதை நான் முன்பே வாசித்திருந்தேன், அதனால் அந்தப் புள்ளிகளை நம்பினேன். ஃபெரட்டின் காதில் பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி அழுக்கு சேரும், அவ்வப்போது துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் மகள் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தவள், “அம்மா, இங்க வாங்க” என்று கூப்பிட்டாள். பஞ்சில் பழுப்போடு நீலமும் ஒட்டியிருந்தது. காதில் ஒரு புள்ளி பாதி அழிந்து கிடந்தது. பச்சை குத்தியது பஞ்சில் வராது. பேனா மை, அல்லது மார்க்கர், என்ன எழவோ.

அன்றைக்கே வட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பினேன். “மேலே இருக்கிற சாயம்தான் போகும் அக்கா, உள்ளே இருக்கு” என்று பதில் வந்தது.

அதற்கு அப்புறம் கொஞ்ச நாளில் பெரியவள், மினுக்கி என்று கூப்பிடுவோம், அவளுக்கு வாலுக்குக் கீழே வீக்கம் தொடங்கியது. முதலில் ஒரு பயறு அளவு, பிறகு மொச்சைக் கொட்டை அளவுக்குச் சிவந்து உப்பி, எப்போதும் ஈரமாக இருந்தது. உடம்பு வாடையும் முன்பைவிடக் கூடியது. விற்றவருக்குப் போன் எடுத்தேன். ஒப்பரேஷன் செய்ததற்கு எப்படிப் பருவம் வரும் என்று கேட்டால், சில நேரம் சூலகத்தில் ஒரு துண்டு மிஞ்சிவிடும் என்றார், அது நடக்கக்கூடியதுதான் என்று பின்னால் டொக்டரும் சொன்னார். ஆனால் அதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் மன்னிக்க முடியாதது. “பயப்படாதீங்க, நாய் மாதிரித்தான், ரெண்டு மூணு கிழமைல வத்திடும்.” ஃபெரட் விற்கிற ஆளுக்கு அது நாய் மாதிரி இல்லை என்று தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அப்படித் தெரியாவிட்டால் அவர் இந்த வியாபாரத்துக்கே வந்திருக்கக் கூடாது. அதோடு நிற்கவில்லை, வேண்டுமென்றால் தன்னிடம் ஒரு கடுவன் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும் என்று விலையும் சொன்னார். கடுவனோடு சேர்ந்தால் பருவம் அடங்கும், உண்மை. ஆறு வாரத்தில் ஏழெட்டுக் குட்டியும் வரும். அந்தக் குட்டிகளை யார் பார்ப்பது?

“இங்க சீசன் எல்லாம் கிடையாது, அது குளிர்நாட்டுலதான்” என்றும் ஒரு கதை சொன்னார். குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பகல் வெளிச்சம் நீளும்போதுதான் ஃபெரட்டுக்குப் பருவம் வரும், ஐரோப்பாவில் அது மார்ச் வாக்கில் தொடங்குகிறது. நம் நாட்டில் பகல் வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும், டிசம்பருக்கும் ஜூனுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. ஆனால் வீட்டுக்குள்ளே வளர்க்கிற பிராணிக்கு டியூப் லைட்டும் பகல்தான். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் எத்தனை மணிக்கு லைட் அணையும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இங்கே எந்த மாதத்திலும் வரலாம், இதை யார் விற்றாலும் வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும்.

டவுனில் செல்லப்பிராணி கிளினிக் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் கூண்டைத் திறந்து பார்த்துவிட்டு, இது கீரியா என்று கேட்டார். அது பரவாயில்லை, இங்கே யாரும் அதிகம் பார்த்திராத பிராணி. தெரியாது, வேறு இடத்தில் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். சொல்லவில்லை. கிருமித் தொற்று என்று ஒரு அன்டிபயோட்டிக் சிரப்பும் விட்டமின் துளியும் கொடுத்து, பில்லைப் போட்டு அனுப்பிவிட்டார். அந்தச் சிரப்பைக் குடிக்க வைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அவளுடைய ரத்தம் உள்ளே வற்றிக்கொண்டிருந்தது.

முதலில் சாப்பாடு குறைந்தது. அப்புறம் நடக்கும்போது பின்னங்கால் இரண்டும் சாய்ந்தன. திரைச்சீலையில் ஏறி அட்டகாசம் பண்ணுகிறவள், சாக்கு மடிப்பைத் தாண்ட முடியாமல் நின்றாள். தூக்கி வயிற்றைப் பார்த்தால் ஊசிமுனை அளவில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். உதட்டை விலக்கிப் பார்த்தேன், ஈறு வெள்ளைக் கடதாசி. தம்பியின் ஓட்டோவில் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கி, வெளிநாட்டில் ஃபெரட் பார்த்து வேலை செய்த அனுபவமுள்ள ஒரு மிருக வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார். சாதாரணமாக ஃபெரட்டின் ரத்தத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் சிவப்பணு இருக்க வேண்டும். மினுக்கிக்கு 13. ஒப்பரேஷன் மேசையில் வைத்தால் ரத்தம் நிற்காது, பருவத்தை அடக்கிற ஊசி போட்டாலும் வேலை செய்ய நாள் எடுக்கும், அதுவரை தாங்க ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்.

இங்கே ஒரு விஷயம். ஃபெரட்டுக்கு நம்மைப் போல ரத்த வகைப் பொருத்தம் பார்க்கத் தேவையில்லை, ஆரோக்கியமான எந்த ஃபெரட்டிடம் இருந்தும் எடுத்து ஏற்றலாம். எங்கள் சின்னவளுக்கும் அப்போது வீக்கம் தொடங்கியிருந்ததால் அவளிடம் எடுக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்து வேறு ஃபெரட் இருந்தது விற்றவரிடம் மட்டும்தான். அங்கேயே நின்று போன் எடுத்தேன். அந்தக் கடுவனைக் கொஞ்சம் கொண்டுவாருங்கள், கொஞ்சம் ரத்தம் மட்டும்தான், வேன் செலவு நான் தருகிறேன் என்று கெஞ்சினேன். “கடுவனை வாங்கினால் கொண்டுவாறேன்” என்றார். சரி, வாங்குகிறேன், முழு விலையும் தருகிறேன், இப்போதே புறப்படுங்கள் என்றேன். அதற்கப்புறம் அந்த நம்பர் எடுபடவே இல்லை. தம்பி தன் போனில் இருந்து எடுத்தான், எங்கள் குரல் கேட்டதும் வெட்டிவிட்டார். மினுக்கி அடுத்த நாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

பொய் சொல்லி விற்றதை வியாபாரம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஒரு உயிர் போகிறது, அதைக் காப்பாற்றக்கூடியது தன் கூண்டில் இருக்கிறது என்று தெரிந்தும் போனை வெட்டிய மனிதனை நான் என்ன சொல்ல?

சின்னவளை மீட்டுவிட்டோம். பெண்களுக்குக் குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் போடுகிற எச்.சி.ஜி. ஊசிதான் ஃபெரட்டுக்கும் வேலை செய்கிறது, மனிதருக்கான மருந்தில் துளியளவு போதும். பருவம் தொடங்கிப் பத்து நாள் அளவு ஆன பிறகு போட்டால் கடுவனோடு சேர்ந்த மாதிரியே உடம்பு நினைத்துக்கொண்டு முட்டை வெளிப்படும், வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். பிறகு ஆறு வாரம் போலப் பொய்ச் சினை, அதாவது குட்டி இல்லாமலே சினைப்பட்ட மாதிரி உடம்பு இருக்கும். அது முடிந்தால் மறுபடி பருவம் வரலாம் என்பதால், ரத்தம் சரியாக இருக்கிறது என்று பார்த்து, வீக்கம் அடங்கியிருந்த நேரத்திலேயே ஒப்பரேஷன் செய்துவிட்டோம். சில நாடுகளில் தோலுக்கடியில் டெஸ்லொரலின் என்ற சிறு குச்சி வைத்தே ஒரு வருடத்துக்கு மேல் பருவத்தைத் தள்ளிப்போடுகிறார்கள், ஒப்பரேஷன் செய்தவற்றுக்குப் பிற்காலத்தில் அட்ரீனல் சுரப்பி நோய் வரலாம் என்பதால் அதையே விரும்புகிறவர்களும் உண்டு. எங்கள் நிலைமைக்கு ஒப்பரேஷன்தான் சரி என்று டொக்டர் முடிவெடுத்தார். மயிர் வழித்த வயிற்றை அவர் எனக்குக் காட்டினார், பழைய தழும்பு எதுவும் இல்லை. உள்ளே சூலகம் இரண்டும், கருப்பையும் முழுசாக இருந்தன. துண்டு மிஞ்சிய கதை அதோடு பொய்த்தது. அதை எழுதிக் கையொப்பமும் வைத்துக் கொடுத்தார்.

அந்தக் கடிதம், காசு அனுப்பிய வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 என்ற நம்பருக்கு எடுத்தாலே எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். இனி வாங்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன், எல்லாவற்றுக்கும் முதலில் பற்றுச்சீட்டு வேண்டும், அதில் ‘கருத்தடை செய்யப்பட்டது’ என்று எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். ஒப்பரேஷன் செய்த மிருக வைத்தியரின் கடிதமும் அவருடைய நம்பரும் கேளுங்கள், நீங்களே எடுத்துப் பேசுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்தது என்றால் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி இருக்க வேண்டும், அதைக் கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் வாங்காதீர்கள். காதில் புள்ளி இருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள்.

அந்த ஆள் இன்னமும் விளம்பரம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார், ‘ஒப்பரேஷன் செய்த பெட்டைகள், காதில் அடையாளம் உண்டு’ என்று. மலையகத்தில் வேறு வீடுகளுக்கும் அந்த வேன் போயிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி வாங்கிய பெட்டை இருந்தால் இன்றைக்கே தூக்கி வாலுக்குக் கீழே பாருங்கள், உதட்டை விலக்கி ஈறின் நிறத்தையும் பாருங்கள். வீக்கம் இருந்தால் வத்திவிடும் என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். உங்கள் வைத்தியருக்கு ஃபெரட் புதிது என்றால் பருவம், ஈஸ்ட்ரஜன், எச்.சி.ஜி. என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் சின்னவள் இப்போது நன்றாக இருக்கிறாள். யாருடைய ஃபெரட்டுக்காவது ரத்தம் தேவைப்பட்டால், டொக்டர் எடுக்கலாம் என்று சொன்னால், எந்த நேரமானாலும் அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். காசு வேண்டாம்.