வீட்டு மரப்பட்டறைக்கு டஸ்ட் கலெக்டர்: வேக்குவமா, பை இயந்திரமா, சைக்ளோனா?

மரத்தூளை உறிஞ்சிச் சேகரிக்கும் டஸ்ட் கலெக்டர் வாங்கப் போகிறவரிடம் கடையில் முதலில் சொல்லப்படுவது மோட்டார் எத்தனை எச்.பி. என்பது, அடுத்தது விலை. வீட்டை ஒட்டிய சிறு பட்டறையில் மரவேலை செய்பவர் இந்த இரண்டையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, இயந்திரம் நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை நகர்த்துகிறது, அந்தக் காற்றை எவ்வளவு வலுவாக இழுக்கிறது, இழுத்ததைத் திரும்ப வெளியே விடும்போது எவ்வளவு நுண்ணிய துகள் வரை தடுத்து நிறுத்துகிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முதல் இரண்டும் பட்டறையின் சுத்தத்துக்கானவை, மூன்றாவது நுரையீரலுக்கானது. என் முதல் இயந்திரத்தை வாங்கியபோது அந்த மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை.

அது 1 எச்.பி. மோட்டாரும், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பைகளும் கொண்ட சாதாரண இயந்திரம். மரத்தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைகளை டேபிள் சாவில், அதாவது மேசையில் பொருத்திய வட்ட ரம்பத்தில், நீளவாக்கில் அறுத்த அன்று தரையில் தூளே தங்கவில்லை என்று மகிழ்ந்தேன். மறுநாள் காலையில், பட்டறைக்கு இரண்டு அறை தள்ளியிருக்கும் சமையலறையில் தண்ணீர்க்குடத்தின் மூடியைத் தொட்டபோது விரலில் மாவு போன்ற பழுப்புப் படலம் ஒட்டிக்கொண்டது. இயந்திரத்தின் மேல்பை 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளை மட்டும் தடுக்கும் துணி (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கனத்த தூளையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொண்டு, மூச்சில் போகக்கூடிய தூசியை மட்டும் சலித்தெடுத்து, என் முகத்தின் உயரத்திலிருந்து வீடு முழுவதும் பரப்பியிருந்தது.

மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. மூச்சுக்குழாயைக் கடந்து உள்ளே இறங்கும். அசைவற்ற காற்றில் 10 மைக்ரான் துகள் தலை உயரத்திலிருந்து தரைக்கு வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாள்கூடப் போதாது. ஆகவே வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்தி முகக்கவசத்தைக் கழற்றிய பிறகும் அது அறையில் மிதந்துகொண்டேதான் இருக்கும். மூக்கிலேயே நின்றுவிடும் சற்றுப் பெரிய தூசியும் தீங்கற்றதல்ல. உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் சேர்த்தபோது, முதன்மையான சான்றாக நின்றது மூக்கிலும் அதை அடுத்த சைனஸ் குழிகளிலும் வரும் புற்றுநோயே. ஐரோப்பிய ஒன்றியம் தொழிற்கூடக் காற்றில் கடின மரத்தூசி ஒரு கன மீட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்திருந்த வரம்பை 2023 ஜனவரியிலிருந்து 2 மில்லிகிராமாகக் குறைத்தது. நம் பட்டறைகளில் மிகுதியாகப் புழங்கும் தேக்கின் தூசியும் ஈட்டி மரத்தின் தூசியும் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் கடையில் உள்ள இயந்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

மிகக் குறைந்த செலவில் தொடங்க விரும்புகிறவருக்குக் கிடைப்பது, ஈரத்தையும் உலர்ந்ததையும் உறிஞ்சும் டிரம் வகை வேக்குவம் கிளீனர். 1,200 வாட் அளவிலான ஒன்று சுமார் 200 மில்லிபார் அழுத்தத்தில் இழுக்கும். அதாவது குழாயில் தண்ணீரை இரண்டு மீட்டர் உயரம் தூக்கக்கூடிய வலு அதற்கு உண்டு. ஆனால் அது நகர்த்தும் காற்று நிமிடத்துக்கு 100 முதல் 130 கன அடி மட்டுமே. வலு மிகுதி, காற்று குறைவு என்ற இந்தத் தன்மை, தூசி பிறக்கும் இடத்திலேயே சிறிய வாய் வைத்திருக்கும் கைக்கருவிகளுக்கு மிகவும் பொருந்துகிறது. மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் ஆர்பிட்டல் சாண்டரின் அடித்தட்டில் உள்ள துளைகள், விளிம்பும் பள்ளமும் குடையும் ரவுட்டரின் அடியில் மாட்டும் உறை, வளைவாக அறுக்கும் ஜிக் சாவின் பின்புறக் குழாய் எல்லாம் இந்த ஒல்லியான ஹோஸை எதிர்பார்த்தே செய்யப்பட்டவை. சாண்டர்தான் சிறு பட்டறையில் மிக நுண்ணிய தூசியைக் கிளப்பும் கருவி என்பதால், அதை ஹெப்பா தரத்து ஃபில்டர் உள்ள வேக்குவத்தில் இணைப்பது போல ஆரோக்கியத்துக்கு உடனடிப் பயன் தரும் செலவு வேறில்லை. உண்மையான ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும். அட்டையில் 'ஹெப்பா போன்றது' என்று அச்சிட்டிருந்தால் அந்த அளவை எதிர்பார்க்கக் கூடாது.

வேக்குவத்தின் குறை, ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்வது. அரை மணி நேரம் தேய்த்தாலே மடிப்புகளுக்கிடையே தூசி அப்பி இழுப்பு பாதியாகிவிடும். இதற்கு மருந்து, வேக்குவத்துக்கு முன்னால் ஒரு வாளியின் மூடிமேல் பொருத்தும் சிறு சைக்ளோன் கூம்பு. தூசியோடு வரும் காற்று கூம்பின் சுவரையொட்டிச் சுழலும்போது கனமான துகள்கள் சுவரில் மோதி வாளியில் விழ, இலேசான காற்று நடுவிலிருந்து மேலேறி வேக்குவத்துக்குப் போகிறது. மர அறுவை ஆலைகளின் கூரைமேல் இருந்த பெரிய கூம்புகளைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசன் பையில்லாத வேக்குவம் கிளீனரைச் செய்யத் தொடங்கினார். மரவேலையிலிருந்து வீட்டுக்குப் போன பொருள் இப்போது மரவேலைக்கே திரும்பியிருக்கிறது. வாளி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நான் காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளியைப் பயன்படுத்தியபோது, ஹோஸின் வாயை ஒரு மரத்துண்டு அடைத்த நொடியில் வாளி நசுங்கிய தகரம் போல உள்ளே ஒடுங்கிவிட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வாளிகளைச் செருகிக்கொண்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, நான் மேலே சொன்ன பை இயந்திரம். இதன் இயல்பு வேக்குவத்துக்கு நேர் எதிரானது. இழுப்பின் வலு தண்ணீரை 20 முதல் 30 சென்டிமீட்டர் தூக்கும் அளவே, அதாவது வேக்குவத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் அகன்ற குழாயில் மிகுதியான காற்றை நகர்த்தும். டேபிள் சாவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 350 கன அடியும், தடிமன் குறைக்கும் பிளானருக்கு அதைவிடக் கூடுதலாகவும் காற்று வேண்டும் என்பதால், இந்த இரண்டில் ஒன்று பட்டறையில் இருந்தால் வேக்குவம் போதாது. பிளேடின் பற்கள் எறியும் தூளை ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. சுற்றியுள்ள காற்று முழுவதையும் ஒரே திசையில் நகர்த்தித்தான் அள்ள முடியும்.

இந்த வகையில் விற்பனைத் தாளில் போடும் எண்களை அப்படியே நம்பக் கூடாது. ஹோஸும் பையும் மாட்டாமல் வெறும் விசிறியின் வாயில் அளந்த எண்ணைத்தான் பெரும்பாலும் அச்சிடுகிறார்கள். கணக்கு எளிது: தூள் குழாயில் படியாமல் போவதற்குக் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும், 100 மில்லிமீட்டர், அதாவது 4 அங்குலக் குழாயில் அந்த வேகத்தில் போகக்கூடியது நிமிடத்துக்கு ஏறக்குறைய 330 கன அடி. இந்தச் சிறு இயந்திரங்களின் இழுப்புக்கு அதைவிட வெகுவாகக் கூட்ட முடியாது. தாளில் 1,000 என்று போட்டிருந்தாலும் 4 அங்குல ஹோஸ் வழியே 400-ஐத் தாண்டுவது அரிது. அதையே 6 அங்குலமாக்கினால் குழாயின் பரப்பு இரண்டேகால் மடங்காகும், ஆனால் அதற்கு ஈடுகொடுக்கக் குறைந்தது 2 எச்.பி. மோட்டார் வேண்டும். வலு குறைந்த இந்த இயந்திரத்துக்கு நீளமான, உள்ளே வளையம் வளையமாக இருக்கும் ஹோஸ் பெரும் பகை. இரண்டு மீட்டர் ஹோஸோடு இயந்திரத்தைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கருவிக்கும் போவது, சுவரெங்கும் 4 அங்குலக் குழாய் ஓட்டுவதைவிட நல்ல பலன் தருவதைக் கண்டிருக்கிறேன். சாண்டரின் சின்ன வாயில் இதை அடாப்டர் வைத்துப் பொருத்துவதில் பயனில்லை. ஒல்லிக் குழாயில் இதன் காற்று நின்றேபோகும்.

மேல்பையைக் கழற்றிவிட்டு 1 மைக்ரான் வரை தடுக்கும் மடிப்பு ஃபில்டர் உருளையைப் பொருத்தினால், இதே மலிவான இயந்திரம் வேறொரு தரத்துக்கு உயர்ந்துவிடும். மடிப்புகளால் ஃபில்டரின் பரப்பு பல மடங்காவதால், நுண்ணிய தூசியைத் தடுத்தும் காற்று தடைபடுவதில்லை. அந்த உருளையின் விலை சில நேரங்களில் இயந்திரத்தின் விலையில் பாதி வரை வரும் என்பதால் பலர் தயங்குகிறார்கள். எனக்கு இதில் ஐயமே இல்லை: 2 எச்.பி. இயந்திரத்தைத் துணிப்பையோடு வாங்குவதைவிட 1 எச்.பி. இயந்திரத்தை இந்த உருளையோடு வாங்குவதே சரி.

மூன்றாவது, இரண்டு கட்டமாக வேலை செய்யும் முழு அளவுச் சைக்ளோன். இதில் தூளும் சீவலும் கூம்பில் பிரிந்து டிரம்மில் விழுந்த பிறகே காற்று விசிறியை அடைகிறது. ஃபில்டர் மாதக்கணக்கில் சுத்தமாக இருக்கும். டிரம்மைக் கழற்றிக் கொட்டுவதும் பையை அவிழ்த்துக் கட்டுவதைவிட எளிது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்கு நிலைகளையும் உத்திரங்களையும் வாங்கி அறுப்பவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பை இயந்திரத்தில் எல்லாமே விசிறி வழியாகப் போவதால், மரத்துக்குள் ஒளிந்திருந்த துருப்பிடித்த ஆணித்துண்டு எஃகு விசிறியில் மோதிப் பொறி பறந்து, நேரே உலர்ந்த தூள் நிறைந்த பைக்குள் போய் விழலாம். சைக்ளோனில் ஆணி விசிறியை எட்டுவதே இல்லை. ஆனால் கூம்பு தானே காற்றின் வலுவில் ஒரு பகுதியைத் தின்னும். வேக்குவத்துக்கு அது பொருட்டல்ல, 1 எச்.பி. பை இயந்திரத்துக்கோ பெரிய இழப்பு. ஆகவே சிறிய பை இயந்திரத்தின் முன்னால் வாளிச் சைக்ளோனை மாட்டிக்கொண்டு இழுப்பு போய்விட்டதே என்று வருந்துவதில் பொருளில்லை, 2 எச்.பி.க்குக் குறைந்த மோட்டாரில் முழுச் சைக்ளோனும் வேண்டாம். உயரமும் பார்க்க வேண்டும்: கூம்பும் டிரம்மும் சேர்ந்து ஆறடியைத் தாண்டும், தகரக் கொட்டகையில் நிற்க இடமிருக்காது.

வெளிநாட்டார் எழுதும் ஒப்பீடுகளில் அதிகம் பேசப்படாத வழி ஒன்று நம் ஊருக்கு மிகவும் ஏற்றது. குளிர்நாடுகளில் பட்டறையைச் சூடாக்கச் செலவழிப்பதால், நிமிடத்துக்கு 400 கன அடி சூடான காற்றை வெளியே தள்ள யாரும் விரும்புவதில்லை. அதனால் அவர்களுக்கு ஃபில்டர் கட்டாயமாகிறது. நாம் கதவும் சன்னலும் திறந்து வேலை செய்கிறவர்கள். இயந்திரத்தைச் சுவருக்கு வெளியே கூரையடியில் வைத்து, சுவரில் ஒரு துளை வழியாக ஹோஸை மட்டும் உள்ளே கொண்டுவந்தால், ஃபில்டரைத் தாண்டும் தூசியும் மோட்டாரின் இரைச்சலும் வீட்டுக்குள் வராது. பின்புறம் காலி மனையோ தோட்டமோ இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டார் துணி உலர்த்தும் மாடியோ சமையலறைச் சன்னலோ பக்கத்தில் இருந்தால், மடிப்பு ஃபில்டர் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. மழைக்காலத்தில் வெளியே நிற்கும் பையில் தூள் ஈரம் கோத்துக் கட்டியாகி ஃபில்டரை அடைக்கும் என்பதால், ஐப்பசி பிறப்பதற்குள் அதைக் காலி செய்துவிடுவது நல்லது. வெறும் மரத்தூளை மாட்டுத்தொழுவத்துக்கோ உரக்குழிக்கோ கொடுக்கலாம். பிளைவுட், எம்.டி.எஃப். தூளில் பிசின் கலந்திருப்பதால் அது செடிக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 1,800 வாட் டேபிள் சாவும் 1,200 வாட் வேக்குவமும் சேர்ந்து 13 ஆம்பியர் எடுக்கும். ஒரு 16 ஆம்பியர் பிளக் தாங்கும். 2 எச்.பி. டஸ்ட் கலெக்டருக்குத் தனி இணைப்பும் தனி பிரேக்கரும் இழுக்க வேண்டும், ஏனெனில் அதிலுள்ள இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் எடுக்கும். இரைச்சலில் இந்த மோட்டாரே மேல். அதன் தாழ்ந்த முழக்கத்தோடு மணிக்கணக்கில் வேலை செய்யலாம். கார்பன் பிரஷ் வைத்த வேக்குவத்தின் கீச்சிடும் ஒலிக்குக் காதடைப்பு தேவைப்படும், பிரஷும் தேய்ந்துகொண்டே வரும்.

சாண்டர், ரவுட்டர், ஜிக் சா மட்டும் வைத்திருப்பவர் ஹெப்பா ஃபில்டர் கொண்ட வேக்குவமும் இரட்டை வாளிச் சைக்ளோனும் வாங்கிக்கொண்டு நிறுத்திக்கொள்ளலாம். பை இயந்திரம் அவருக்குத் தேவையில்லை. டேபிள் சாவோ பிளானரோ சேர்ந்த பிறகு, வேக்குவத்தை விற்காமல் சாண்டருக்கே விட்டுவிட்டு, 1 முதல் 1.5 எச்.பி. பை இயந்திரத்தை மடிப்பு ஃபில்டரோடு வாங்க வேண்டும். முழுச் சைக்ளோன், கருவிகள் இடம் மாறாமல் நிலைத்து, 6 அங்குலக் குழாய் ஓட்ட இடமும் தனி மின் இணைப்பும் உள்ளவர்களுக்கும், பழைய மரத்தையே நம்பித் தொழில் நடத்துகிறவர்களுக்கும் உரியது. டேபிள் சாவின் மேல்புறத்தில் பிளேடு எறியும் தூளில் ஒரு பகுதி எந்த இயந்திரத்துக்கும் சிக்காது. அதற்காக என்95 முகக்கவசத்தைச் சாவின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், அறுத்து முடித்து அரை மணி நேரம் வரை அதைக் கழற்றுவதில்லை.