இத்தாலிப் பயணத்தின் கடைசி இரண்டு நாள்: ரோமில் மாணவர்கள் பணத்தை எங்கே பறிகொடுக்கிறார்கள்

இத்தாலி போகிற மாணவர் குழுக்கள் பெரும்பாலும் வெனிஸ், ஃபிளாரன்ஸ் பார்த்துவிட்டு ரோமில் வந்து பயணத்தை முடிக்கிறார்கள். பணம் அதிகம் பறிபோவதும் இந்த முடிவுக் கட்டத்தில்தான். மாணவர்களுக்கு விவரம் போதாது என்பது இதற்குக் காரணம் அல்ல. நாளை விமானம் ஏறுகிறவர் காவல் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்திருக்க மாட்டார் என்பது ஏமாற்றுகிறவருக்குத் தெரியும். பெட்டியோடு நிற்பதைப் பார்த்தாலே அவருக்குக் கணக்குப் புரிந்துவிடும். அந்த இரண்டு நாளில் எது எங்கே நடக்கிறது, எப்படித் தடுப்பது என்பதை இங்கே சொல்கிறோம்.

முதலில் கடைசி இரவுச் சாப்பாடு. இரண்டு சம்பவங்கள் செய்தியாகவே வந்தவை. 2018 ஜனவரியில் வெனிஸில், சான் மார்கோ சதுக்கத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் நான்கு ஜப்பானிய மாணவர்கள் நான்கு ஸ்டேக், ஒரு தட்டு பொரித்த மீன், தண்ணீர் வாங்கினார்கள். பில் 1,143 யூரோ. 2019 செப்டம்பரில் ரோமில், காஸ்தெல் சாந்தாஞ்சலோ கோட்டைக்கு அருகே, கடலுணவு போட்ட ஸ்பகெட்டி இரண்டு தட்டும் தண்ணீரும் வாங்கிய இரண்டு ஜப்பானியப் பெண்களுக்கு 429.80 யூரோ பில் வந்தது. அதில் 80 யூரோ டிப்ஸ். முதல் சம்பவத்து மாணவர்கள் இத்தாலியிலேயே பொலோஞா நகரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவர்கள். அதனால் திரும்பிப் போய் அங்கே போலீசில் புகார் கொடுக்க முடிந்தது. மறுநாள் காலை விமானம் ஏற வேண்டியவர்களாக இருந்திருந்தால் அந்த பில் வெளியே தெரிந்தே இருக்காது.

இப்படி ஒரு பில் எப்படி உருவாகிறது? பெரும்பாலும் மீனில்தான். மெனுவில் மீனுக்கு எதிரே 8 யூரோ என்றிருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'எத்தோ' என்று ஒரு சொல் இருக்கும். எத்தோ என்றால் 100 கிராம். முழு மீன் 800 கிராம் வந்தால் ஒரு மீனே 64 யூரோ. இறால், நண்டு, டி-போன் ஸ்டேக் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். விலை இருக்க வேண்டிய இடத்தில் 'எஸ்.க்யூ.' என்று இருந்தால் எடைக்கு ஏற்ற விலை என்று பொருள். பரிமாறுகிறவர் மெனுவைக் காட்டாமல், "இன்று புதிதாக வந்தது, ஆளுக்கு ஒன்று கொண்டுவரட்டுமா?" என்று கேட்கும்போது தலையாட்டிவிட்டால் எடையும் விலையும் அவர் கைக்குப் போய்விடும். மீனைச் சமைப்பதற்கு முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வரும் தொகையை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபப்படவே மாட்டார், அவர்களுக்கு இது வழக்கமான நடைமுறை.

அடுத்தது 'கோப்பெர்த்தோ', ஆளுக்கு இவ்வளவு என்று வைக்கும் மேசைக் கட்டணம். வெனிஸிலும் ஃபிளாரன்ஸிலும் மெனுவில் போட்டிருந்தால் அது செல்லும், கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோப்பெர்த்தோ வாங்கக் கூடாது. அதனால் அங்கே சில கடைகள் அதையே ரொட்டிக்கான பணம் என்று போடுகின்றன. ரொட்டிக் கூடை மேசைக்கு வந்த உடனே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அந்த வரி பில்லில் வராது. ஒரு துண்டு கடித்த பிறகு சொல்லிப் பயனில்லை. 'செர்வீத்ஸியோ' என்று சேவைக் கட்டணம் பில்லில் ஏற்கனவே இருந்தால் தனியாக டிப்ஸ் வேண்டியதில்லை.

பில் தவறாக வந்தால் சத்தம் போடாதீர்கள். மெனுவைத் திரும்பக் கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். கையால் எழுதிய துண்டுச்சீட்டை ஏற்காமல் 'ஸ்கொந்த்ரீனோ ஃபிஸ்காலே' கேளுங்கள், அதுதான் வரிக்கணக்கில் ஏறும் ரசீது. தர மறுத்தால் 117-ஐ அழைப்பதாகச் சொல்லுங்கள். அது வரிக் குற்றங்களைப் பார்க்கும் குவார்தியா தி ஃபினான்ஸாவின் எண். இந்த ஒரு எண்ணைச் சொல்வது அரை மணி நேர வாக்குவாதத்தைவிட வேலை செய்யும்.

பணம் கட்டும் கருவியிலும் ஏடிஎம்மிலும் "ரூபாயில் கழிக்கட்டுமா, யூரோவிலா?" என்று திரை கேட்கும். எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் உரிமையாளரே நிர்ணயிப்பார், அது உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும். பணம் எடுக்க வங்கிக் கிளையின் சுவரில் பதித்த ஏடிஎம் அல்லது அஞ்சலகத்தின் போஸ்தமாட் போதும். நினைவுப்பொருள் கடைகளுக்கு நடுவே தனியாக நிற்கும் இயந்திரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

விட்டுப்போன கொலோசியத்தைக் கடைசி நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் தரகர்களிடம் நேராகப் போய் மாட்டுகிறார்கள். சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதிகாரப்பூர்வ விற்பனையில் தீர்ந்துபோனபின் அதே நுழைவைச் சுற்றுலா நிறுவனங்கள் வழிகாட்டியோடு சேர்த்து இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கும். டிக்கெட்டுகளை மொத்தமாக வளைத்துப்போட்டு இப்படி விற்ற விவகாரத்தில் இத்தாலியப் போட்டி ஆணையம் 2025 ஏப்ரலில் ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2023 அக்டோபர் முதல் டிக்கெட்டில் வருகிறவரின் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். ஆகவே தெருவில் ஒருவர் "நண்பர் வரவில்லை, மிச்ச டிக்கெட்" என்று நீட்டினால் அது வெறும் காகிதம். இன்னொரு பொறி, 2 யூரோ சலுகை டிக்கெட். 18 முதல் 25 வயது வரை என்று மட்டும் படித்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கானது. ஜெர்மனியில் படிக்கும் இந்திய மாணவருக்கு மாணவர் அட்டை இருப்பதால் மட்டும் அது கிடைக்காது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு எந்த நாட்டவரானாலும் இலவசம்.

வாத்திகான் பக்கம் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, "மாணவரா? வரிசை மூன்று மணி நேரம், என்னோடு வாருங்கள்" என்று மறிப்பவர்கள் தனியார் ஏஜென்சி ஆட்கள், வாத்திகான் ஊழியர்கள் அல்ல. அருங்காட்சியகத்தின் சொந்தத் தளம் 'டாட் விஏ' என்று முடியும். செயின்ட் பீட்டர்ஸ் பேராலயத்துக்குள் போக நுழைவுக் கட்டணமே கிடையாது. அதற்கு யாரிடமும் டிக்கெட் வாங்காதீர்கள்.

கொலோசியத்தைச் சுற்றிக் கையில் கயிறு கட்ட வருகிறவர், ரோஜாவைத் திணிக்கிறவர், கிளாடியேட்டர் வேடத்தில் படம் எடுக்க அழைக்கிறவர் எல்லோரிடமும் ஒரே வழிதான்: கையை இறக்கி வைத்துக்கொண்டு நிற்காமல் நடப்பது. நடைபாதையில் துணி விரித்து விற்கும் போலி பிராண்டுப் பைகளை வாங்கினால் வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் போட இத்தாலியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊருக்குப் பரிசு வாங்கும் அவசரத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நஷ்டம் வீட்டுக்குப் போனபின்தான் தெரியும். 2024 பிப்ரவரி முதல் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினாலே 'டாக்ஸ் ஃப்ரீ' படிவம் கேட்கலாம். வரி 22 சதவீதம் என்பதால் 100 யூரோ பொருளில் 22 யூரோ வரும் என்று கடைக்காரர் சொல்வார். அது தவறு. வரி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, 100-இல் அது 18 யூரோ சொச்சம். அதிலும் திருப்பித் தரும் நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும், ரொக்கமாகக் கேட்டால் இன்னும் குறையும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்கு மட்டுமே இது உண்டு. பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட் ஆனாலும் ஜெர்மனி, பிரான்ஸ் வசிப்பு அட்டை இருக்கும் மாணவருக்கு உரிமை இல்லை. "பாஸ்போர்ட்டை மட்டும் காட்டுங்கள், போதும்" என்று விற்பனையாளர் சொல்வது பொருளை விற்கத்தான். விமான நிலையச் சுங்கத்தில் அட்டையைப் பார்த்ததும் மறுத்துவிடுவார்கள்.

வரியைத் திருப்பித் தரும் நிறுவனங்களின் நகரத்து மையங்களிலேயே பணத்தை முன்கூட்டி வாங்கிக்கொள்ளும் வசதியில்தான் பெரிய ஆபத்து. பணத்தைத் தரும்போது உங்கள் கிரெடிட் கார்டை ஈடாகப் பதிந்துகொள்வார்கள். சுங்க ஒப்புதல் குறித்த நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் கொடுத்த பணத்தையும் அதன்மேல் அபராதத்தையும் அந்தக் கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். விமானம் கிளம்பும் அவசரத்தில் சுங்க மேசைக்குப் போகாமல் உள்ளே போனவர்களுக்கு இதுதான் நடக்கிறது. பொருள் பெரிய பெட்டிக்குள் இருந்தால் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே சுங்கத்துக்குப் போக வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும், பிரித்துப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. ரோமின் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில் இதற்கென்றே ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

விடுதியைக் காலி செய்யும்போது நகரத் தங்கல் வரி கேட்பார்கள். இது உண்மையான வரிதான். ரோமில் 2023 அக்டோபர் முதல் ஹாஸ்டலுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 3.50 யூரோ, மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு 6 யூரோ, அதிகபட்சம் பத்து இரவுகளுக்கு. பிரச்சினை எங்கே என்றால், முன்பதிவிலேயே இதைக் கட்டியிருப்பீர்கள், வரவேற்பில் இருப்பவர் மறுபடி ரொக்கமாகக் கேட்பார். அல்லது ஹாஸ்டலில் தங்கியவரிடம் ஹோட்டல் விகிதம் வாங்குவார். வந்து சேர்ந்த அன்றே முன்பதிவுச் சீட்டைப் பார்த்து, கட்டி முடித்து, ரசீது வாங்கிவிடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு டாக்ஸி வாசலில் நிற்கும்போது யாராலும் வாதாட முடியாது.

இனி விமான நிலையம். ரோமின் மைய ரயில் நிலையமான டெர்மினியிலிருந்து ஃபியூமிச்சினோவுக்குப் போகும் லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 14 யூரோ, 32 நிமிடம், பெரும்பாலும் 23 அல்லது 24-ஆம் நடைமேடையில் நிற்கும். அதில் பாதிப் பணத்துக்குச் சற்று மேல், 8 யூரோவுக்கு, எஃப்.எல்.1 என்ற வட்டார ரயிலே விமான நிலையத்துக்குள் போகிறது. ஆனால் அது டெர்மினிக்கு வராது, திபுர்தீனா, ஒஸ்தியென்ஸே, திராஸ்தேவெரே நிலையங்களில் ஏற வேண்டும். டிக்கெட் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று "நான் உதவுகிறேன்" என்று பொத்தானை அழுத்துகிறவர் ரயில்வே ஊழியர் அல்ல. சில்லறையை எடுத்துக்கொள்வார், அல்லது உங்கள் கவனம் திரையில் இருக்கும்போது கூட்டாளி பையைத் திறப்பார். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். இதே தடத்துக்குக் கைபேசியில் வாங்கிய வட்டார டிக்கெட் என்றால் அதில் செக்-இன் அழுத்த வேண்டும். இரண்டையும் செய்யாத டிக்கெட், பணம் கொடுத்து வாங்கியதானாலும், பரிசோதகர் கண்ணில் டிக்கெட் இல்லாததுதான்.

டெர்மினிக்கு வெளியே விமான நிலையப் பேருந்துக்கு டிக்கெட் விற்கும் ஆட்கள் "இப்போதே கிளம்புகிறது" என்பார்கள். காசு கொடுத்தபின் அந்த நிறுவனத்தின் பேருந்து நாற்பது நிமிடம் கழித்து வரும். எதிரே கிளம்பிக்கொண்டிருப்பது வேறு நிறுவனம், இந்தச் சீட்டு அங்கே செல்லாது. ஓட்டுநர் இருக்கும் பேருந்தின் பெயரைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

டாக்ஸியில் நிலையான கட்டணம் உண்டு. பழைய ரோமைச் சுற்றியுள்ள ஔரேலியன் மதிலுக்கு உட்பட்ட பகுதியிலிருந்து ஃபியூமிச்சினோவுக்கு 55 யூரோ, இன்னொரு விமான நிலையமான சம்பினோவுக்கு 40. இது வண்டிக்கு, தலைக்கு அல்ல. பெட்டிக்கோ இரவுக்கோ தனிப்பணம் கிடையாது. மாணவர்கள் அதிகம் தங்கும் சான் லொரென்ஸோவும் வாத்திகானை ஒட்டிய பிராத்தியும் மதிலுக்கு வெளியே இருக்கின்றன. அங்கிருந்து மீட்டர் ஓடும், அது முறைதான். டெர்மினி மதிலுக்கு உள்ளே. ரோம் நகரின் உரிமம் பெற்ற டாக்ஸி வெள்ளை நிறம், கூரையில் பலகை, கதவில் நகராட்சியின் பெயரும் எண்ணும் இருக்கும். நிலையத்துக்கு உள்ளேயே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுகிறவரின் வண்டி அப்படி இருக்காது. ஏறும் முன்பே தொகையைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். 50 யூரோ தாளைக் கொடுத்தால், அதை நொடியில் மாற்றிவிட்டு "நீங்கள் பத்துதான் கொடுத்தீர்கள்" என்று காட்டும் வித்தையும் நடக்கிறது. கார்டில் கட்டுவதே பாதுகாப்பு. 2022 ஜூன் 30 முதல் கார்டை மறுக்கும் வணிகருக்கு 30 யூரோவும் தொகையில் 4 சதவீதமும் அபராதம்.

ரயில் வேலைநிறுத்த நாளில் இந்த டாக்ஸி, பேருந்து ஆட்களுக்கு அமோக வசூல். "இன்று ரயிலே இல்லை" என்பார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. வேலைநிறுத்தத் தேதிகளும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. கிளம்பும் நாள் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மலிவுக் கட்டண விமானத்தில் ஐரோப்பாவுக்குள் திரும்பும் மாணவர்களுக்கு ஒன்று. சில நிறுவனங்களில் ஐரோப்பியர் அல்லாத பயணிகள் பெட்டி இல்லாவிட்டாலும் விமான நிறுவனத்தின் மேசைக்குப் போய்ப் பாஸ்போர்ட், விசா சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே இதை முடிக்க வேண்டும். நேராக விமானம் ஏறும் வாசலுக்குப் போனால் ஏற்ற மறுப்பார்கள், டிக்கெட் பணமும் திரும்பாது. மேசை புறப்பாட்டுக்கு வெகு நேரம் முன்பே மூடிவிடும்.

டெர்மினியிலிருந்து வாத்திகானுக்குப் போகும் 64-ஆம் எண் பேருந்திலும் மெட்ரோ ஏ தடத்திலும்தான் திருட்டு அதிகம் நடக்கிறது. பாஸ்போர்ட்டே திருட்டுப் போனால் உடனே அருகிலுள்ள காவல் நிலையத்தில் 'தெனுன்ச்சா' எனும் புகார் நகலை வாங்குங்கள். அந்த நகல் இல்லாமல் தூதரகத்தில் எதுவும் நகராது. இந்தியத் தூதரகம் வீயா வெந்தி செத்தெம்ப்ரே 5-ஆம் எண்ணில், டெர்மினிக்கு நடக்கும் தொலைவில் இருக்கிறது. அங்கே தரும் அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்கு ஒருவழியாகத் திரும்ப மட்டுமே செல்லும். ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ திரும்பிப் படிப்பைத் தொடர வேண்டியவர் அதை வாங்காமல் புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.