ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

என் லேப்டாப்போடு வந்தது ஒற்றை ஆன்டெனா வைஃபை 5 கார்டு. 80 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் அதன் உச்ச இணைப்பு வேகமே 433 எம்பிபிஎஸ்தான். உண்மையில் டவுன்லோடில் கிடைப்பது அதைவிட நன்றாகக் குறைவு. ஒரு சுவர் தாண்டினால் வீடியோ கால் திணறும். அதனால் இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்கி மாட்டினேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் திருப்தியாகவே இருக்கிறேன்.

வாங்கும்முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் 211, சிஎன்வியோ2 என்ற இன்டெல்லின் சொந்த இணைப்பு வகை. வைஃபை வேலையில் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கும். அதற்கேற்ற இன்டெல் லேப்டாப் இல்லையென்றால் அது ஓடவே ஓடாது. 210 பிசிஐஇ என்ற பொதுவான இணைப்பு வழியாக இயங்குவதால் என் ஏஎம்டி ரைசன் ப்ராசஸர் லேப்டாப்பிலும் சிக்கல் இல்லை. விற்பவர்கள் பலர் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை, அதுதான் எரிச்சல்.

அப்புறம் ஆன்டெனா வயர். பின்மூடியைக் கழற்றி எத்தனை வயர் வருகிறது என்று முதலில் எண்ணுங்கள். என்னுடையதில் இரண்டாவது வயர் டேப் ஒட்டி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. சில மலிவு மாடல்களில் ஒன்றுதான் இருக்கும்; அங்கே இந்தக் கார்டின் பாதிப் பலன் போய்விடும். வயர் முனை மிகச் சிறியது. நேர் மேலே வைத்து மெதுவாக அழுத்தினால் சொடக்கென்று உட்காரும், சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். சில லேப்டாப்களில் கார்டு போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், அவற்றில் மாற்ற வழியில்லை. சில பழைய மாடல்களின் பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்), தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது.

இப்போது வைஃபை 6 ரௌட்டரோடு 1201 எம்பிபிஎஸ் இணைப்பு காட்டுகிறது. வேகத்தைவிட எனக்குப் பிடித்தது, அடுத்த அறையிலும் கால் அறுபடாமல் இருப்பதுதான். லினக்ஸில் கெர்னல் (அதன் மையப் பகுதி) 5.10 முதலே டிரைவர் உள்ளே இருப்பதால் எதையும் தனியாக நிறுவவில்லை. இந்தக் கார்டிலுள்ள 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வசதியை நான் பயன்படுத்தியதில்லை. அதற்கான ரௌட்டர் என்னிடம் இல்லை.

வைஃபை 7 ஆசையில் இன்டெல்லின் பிஇ200 கார்டைப் பார்ப்பவர்களுக்கு: கார்டு பிசிஐஇ வகைதான் என்றாலும், ஏஎம்டி லேப்டாப்களில் அது பெரும்பாலும் இயங்குவதில்லை. ஏஎம்டி வைத்திருப்பவர்கள் இப்போதைக்கு 210 வாங்கினால் போதும்.