'ஸ்பிரிங்'குக்கு அரபு: அகராதியா, போனா?

கட்டாருக்கு மெக்கானிக் வேலைக்குப் போகிற பெடியன் ஒருவன் திருநெல்வேலிச் சந்தியில் கேட்டான்: "அண்ணை, அரபுச் சொல்லுக்கு அகராதி வாங்கவோ, போன் காணுமோ?" சரி, 'ஸ்பிரிங்' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துப் பார்த்தோம்.

பொருள்: தனிச்சொல்லாக அடித்ததும் போன் முதலில் காட்டியது 'ரபீஉ', அதாவது வசந்தகாலம். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு வசந்தத்தைக் கேட்டால் யார் எடுத்துத் தருவார்? அகராதியில் எல்லாம் வரிசையாக நிற்கும்: ஊற்றுக்கு 'நப்உ', குதிப்பதற்கு 'கஃபஸ', சுருள்வில்லுக்கு 'ஸுன்புருக்'.

உச்சரிப்பு: போன் சொல்லிக் காட்டும். அரபெழுத்துத் தெரியாதவனுக்கு அகராதி ஊமை.

பாரம்: கேட்கவே வேண்டாம்.

அவனுக்குப் போன்தான்; ஆனால் 'கார் ஸ்பிரிங்' என்று சேர்த்து அடிக்கவேண்டும். மொழிபெயர்ப்புப் படிக்கும் அவன் தங்கைக்கு அகராதி.