ஸ்பாம் பட்டனும் எங்க செக்ரட்டரி சாரும்: பல வருஷ அனுபவம்

போன ஏப்ரல்ல ஒரு நாள் காலைல குளிக்கப் போனா பைப்புல காத்துதான் வருது. மடிப்பாக்கத்துல ஏப்ரல்ல இது ஒண்ணும் புதுசில்ல, ஆனா கீழ இறங்கிக் கேட்டா எங்க அபார்ட்மென்ட் செக்ரட்டரி சார் "சம்ப் க்ளீன் பண்றோம் சார், மூணு நாள் முன்னாடியே மெயில் போட்டேனே, பாக்கலியா"ங்கறாரு. இன்பாக்ஸ்ல தேடினா இல்ல. தேடும்போது ஸ்பாம்ங்கற குப்பை மெயில் ஃபோல்டர்ல இருக்கறது சேர்ந்து வராதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஸ்பாமைத் திறந்தா அங்க உக்காந்திருக்கு, கூடவே அவரோட பழைய மெயில் இன்னும் நாலு.

அவர் மெயில் எழுதற அழகும் அப்படி. சப்ஜெக்ட் முழுக்க கேப்பிட்டல் லெட்டர், 'அர்ஜென்ட் பேமென்ட்', பின்னாடி நாலு ஆச்சரியக்குறி, 64 வீட்டுக்கும் ஒரே தடவைல பிசிசி, அதாவது வேற யாருக்கெல்லாம் போச்சுன்னு தெரியாத மாதிரி. லாட்டரி விழுந்துடுச்சுன்னு வர்ற மெயிலுக்கும் இதுக்கும் மெஷின் என்னத்த வித்தியாசம் கண்டுபிடிக்கும்?

ஆனா உண்மையைச் சொல்லணும்னா தப்பு முக்கால்வாசி என்னுது. அதுக்கு முந்தின வருஷம் பார்க்கிங் ஃபைன்னு ஒரு மெயில் போட்டாரு, கடுப்புல ஸ்பாம் பட்டனை அமுக்கிட்டேன். பி பிளாக் நண்பர்கிட்ட சொன்னா "நானுந்தான்"னு சிரிக்கறாரு! வேண்டாத மெயிலைத் தள்ளிவிடற பட்டன்னு நெனச்சு வருஷக்கணக்கா அமுக்கிட்டு இருந்தேன், அது உள்ள இருக்கற ஃபில்டருக்கு நாம எடுக்கற பாடம்னு தோணவே இல்ல. ஆரம்பத்துல எந்த வார்த்தை குப்பை மெயில்ல அதிகம் வருதுன்னு பேயஸ்ங்கற 18ஆம் நூற்றாண்டு ஆளோட நிகழ்தகவு கணக்கை வச்சு பிரிச்சாங்க, இப்போ அனுப்பறவங்க டொமைனுக்கு (அட்ரஸ்ல @-க்கு அப்புறம் வர்றது) நல்ல பேரு இருக்கா, மெயில் நெஜமாவே அங்கேர்ந்துதான் வந்துதான்னு பாக்கற எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனையெல்லாம் சரியா இருக்கா, எத்தனை பேரு புகார் பண்ணாங்கன்னு எல்லாம் சேத்துப் பாக்குது. 2024 பிப்ரவரிலேர்ந்து ஜிமெயில், யாஹூ ரெண்டும் மொத்தமா மெயில் அனுப்பறவங்களுக்கு போட்ட கண்டிஷன்ல ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூணு. ஒரே கிளிக்ல அன்சப்ஸ்கிரைப் பண்ற, அதாவது இனிமே அனுப்பாதேன்னு விலகிக்கற வசதியும் குடுத்தாகணும். அதனால நாமளே சேர்ந்த துணிக்கடை ஆஃபர் மெயிலுக்கெல்லாம் இப்போ அன்சப்ஸ்கிரைப்தான் அமுக்கறேன். யாருன்னே தெரியாத ஆளு அனுப்பினதுல மட்டும் அதைத் தொடறதில்ல, அது 'இந்த அட்ரஸ்ல ஆள் இருக்கு'ன்னு நாமளே போய் சொல்ற மாதிரி ஆயிடும்.

இதுக்கு நேர் எதிர்க்கதை எங்க அப்பா. வருமான வரி ரீஃபண்ட் வந்திருக்குன்னு ஒரு மெயில், ஸ்பாம்ல கிடந்துது, பாவம் ஃபில்டர் ஒழுங்காத்தான் பிடிச்சிருந்துது. அப்பா லிங்கை அமுக்கினாரு, அங்க வச்சு அமுக்கினா திறக்காது. உடனே 'ஸ்பாம் இல்லை'ன்னு குடுத்து இன்பாக்ஸுக்கு இழுத்துட்டு வந்துட்டாரு, இப்போ லிங்க் ஜோரா திறக்குது. கார்டு நம்பர் கேக்கற பக்கத்துல கண்ணாடியைத் தேடிட்டு இருந்தப்போ நான் உள்ள வந்தேன். "இன்பாக்ஸ்ல தானேடா இருக்கு, அப்போ நல்ல மெயில்தானே"ங்கறாரு. நீங்கதானே கொண்டு வந்து வச்சீங்கன்னா ஒத்துக்க மாட்டேங்கறாரு. ரீஃபண்ட் நாம போர்ட்டல்ல வேலிடேட் பண்ணி வச்ச பேங்க் அக்கவுண்டுக்கு நேரா வந்துடும்ப்பா, கார்டு நம்பர் எதுக்குன்னு புரியவைக்கறதுக்குள்ள ரெண்டு காபி ஆச்சு.

இப்போ ஞாயித்துக்கிழமை காலைல பேப்பர் பாத்து முடிச்சதும் ஸ்பாமை ஒரு அஞ்சு நிமிஷம் மேய்ஞ்சிடறேன். என் அக்கவுண்ட்ல 30 நாள்ல தானா அழிஞ்சிடும், அதனால வாரம் ஒரு தடவை போதும். செக்ரட்டரி சார் அட்ரஸை கான்டாக்ட்ல சேத்து, 'ஸ்பாமுக்கு அனுப்பாதே'ன்னு ஒரு ஃபில்டரும் போட்டேன், அதுக்கப்புறம் ஒண்ணு கூட தவறல, அந்த ஆச்சரியக்குறி உள்பட. சப்ஜெக்டை சின்ன எழுத்துல போடுங்க சார்னு அவர்கிட்ட பக்குவமா சொல்லிப் பாத்தேன். "அப்போ யார் சார் படிப்பாங்க"ன்னுட்டாரு.

அப்பா இப்போ எதையும் தொடறதில்ல. ஹால்லேர்ந்து ஒரு சத்தம் மட்டும் வரும், "டேய், ஸ்பாம்ல ஒண்ணு வந்திருக்கு, வந்து பாரு!"