உடம்பு வலிக்கு நியூரோஃபீட்பேக்: மதுரை சென்டர் அனுபவம்

அம்மாவுக்கு ஃபைப்ரோமயால்ஜியா. கழுத்து, தோள், இடுப்பு என்று உடம்பு பூரா வலி, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல், அதனாலேயே சொந்தக்காரர்கள் யாரும் நம்புவதில்லை. டாக்டர் சொல்லித்தான் திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து மதுரையில் இந்த நியூரோஃபீட்பேக் சென்டருக்குப் போனோம். நம் மூளை அலையைத் திரையில் பார்த்து, அதை நாமே மாற்றிப் பழகும் பயிற்சி இது.

முடியை வகிடெடுத்து, உச்சியில் பசை வைத்து சென்சார் ஒட்டுகிறார்கள், காது மடலில் ஒரு கிளிப். கரண்ட் எதுவும் தலைக்குள் போகாது, மூளையின் மின் அலையைப் படிப்பது மட்டும்தான். எதிரே திரையில் ஒரு படகு. வினாடிக்கு 12 முதல் 15 சுற்று வரும் எஸ்.எம்.ஆர். அலை (உடம்பு அசையாமல் விழிப்போடு இருக்கும்போது வரும் மூளை அலை) கூடினால் படகு நகரும், தாடையை இறுக்கினால் தசையின் சிக்னல் குறுக்கே வந்து படகு நின்றுவிடும். எந்நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறோம் என்பது அம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

பலன்? தூக்கம் நன்றாகத் தேறியிருக்கிறது, வலி கொஞ்சம் குறைவு. நடைப்பயிற்சியும் கூடவே ஆரம்பித்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. துருக்கி மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 20 அமர்வுகளுக்குப் பிறகு வலி குறைந்தது, ஆனால் அதில் இருந்தவர்களே மொத்தம் 36 பேர்தான்.

சென்சார் ஒட்டும் பெண் தங்கமான பொண்ணு, முடிந்ததும் வெந்நீர்த் துணியால் பசையைத் துடைத்துத்தான் அனுப்புவார். ரிசப்ஷனில் “மாத்திரைய நிறுத்திடலாம்மா” என்றார்களே, அதுதான் எனக்குக் கடும் கோபம். டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்தாதீர்கள். அப்புறம், பேக்கேஜ் பணத்தை மொத்தமாகக் கட்டாமல் ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கொடுங்கள், கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள். போகிற அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம், சென்சார் ஒட்டாது.